நோட்டில் 130, ரிப்போர்ட்டில் 8.4

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் 31 வருசம் எலெக்ட்ரீசியனாக இருந்தவன் நான். டாங் டெஸ்டர், மெக்கர், மல்டிமீட்டர் என்று கையில் ஏதாவது ஒன்று இல்லாமல் ஷெட்டுக்குள் நுழைந்ததில்லை. மூணு பேஸ் லைனில் ஒரே ஒரு பேஸை மட்டும் பார்த்துவிட்டு "வோல்டேஜ் சரியா இருக்குண்ணே" என்று வந்து சொல்லும் அப்ரண்டிஸ் பையன்களை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். உள்ளங்கை அளவு சுகர் மிஷினை வைத்துக்கொண்டு இரண்டு வருசம் அதே வேலையைத்தான் நானும் செய்தேன்.

எனக்குச் சுகர் என்று தெரிந்தது 2017-ல். காலையும் இரவும் மெட்ஃபார்மின் மாத்திரை. மகள் ஒரு மீட்டர் வாங்கித் தந்தாள். மில்லில் லாக் புக் எழுதிய பழக்கம் விடுமா? நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வெறும் வயிற்றில் பார்த்து எழுதினேன். 126, 133, 129, 138. பக்கம் பக்கமாக இதேதான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நோட்டைக் காட்டுவேன். லேபுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்து இனிப்பைத் தொடமாட்டேன், நடையும் இரட்டிப்பு. இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

புதிதாகப் போன டாக்டர் ஹெச்பிஏ1சி என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். 8.4 என்று வந்தது. லேபில்தான் தப்பு என்று நினைத்தேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கதை தெரிந்துவிடும். இரண்டு நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. அதைச் சராசரிச் சர்க்கரையாக மாற்ற ஒரு கணக்கும் உண்டு: 28.7-ஆல் பெருக்கி, 46.7-ஐக் கழிக்க வேண்டும். 8.4-க்குப் போட்டுப் பார்த்தேன். 194. என் நோட்டு 130 என்கிறது, உடம்பு 194 என்கிறது. இடையில் இருக்கும் 64 எங்கே ஒளிந்திருக்கிறது?

"சாப்பிட்டப்புறம் எப்பப் பார்த்தீங்க?" என்றார் டாக்டர்.

"பார்த்ததே இல்ல சார்."

அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் அந்த அப்ரண்டிஸ் பையன்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அவர் சொல்லித் தந்தது ஜோடியாகப் பார்க்கும் முறை. சாப்பிட உட்காருவதற்கு முன் ஒரு தடவை, முதல் வாய் எடுத்து வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. கை கழுவியதிலிருந்து அல்ல, முதல் வாயிலிருந்து. எனக்கு அவர் வைத்த எல்லை, சாப்பாட்டுக்கு முன் 80-லிருந்து 130, பின்னால் 180-க்குள். வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் இந்த எல்லை மாறும். அவரவர் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தனியாக ஒரு நம்பரைப் பார்த்தால் அது நல்லதா கெட்டதா என்று மட்டும்தான் தோன்றும். ஜோடியாகப் பார்த்தால் நடுவில் தட்டில் இருந்தது என்ன என்ற கேள்வி தானாக வரும்.

முதலில் இட்லி. நான்கு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. முன்னால் 128, பின்னால் 211. இட்லி நோயாளிக்குக் கொடுக்கிற சாப்பாடு என்று வளர்ந்தவனுக்கு இது பெரிய அடி. அடுத்த வாரம் இரண்டு இட்லி, ஒரு அவித்த முட்டை, முதலிலேயே ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியல். சாப்பிட்டதும் தெருவில் கால் மணி நேர நடை. 131, 162. இட்லி அதே இட்லிதான். அளவு பாதி, காய் முந்தி, கால் கொஞ்சம் அசைந்தது.

அடுத்தது கேழ்வரகு. சுகர் என்று தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறவர்களெல்லாம் "கேப்பைக் கூழ் குடிங்க, சுகரே ஏறாது" என்றார்கள். இரண்டு வருசம் அதை மருந்து மாதிரி குடித்திருக்கிறேன். அளந்து பார்த்த அன்று 124-லிருந்து 229. மூணு தடவை பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் 220-க்குக் குறையவில்லை. தானியத்தின் மேல் குற்றமில்லை. நைசாக அரைத்த மாவைக் காய்ச்சிக் கூழாகக் குடித்தால் மெல்ல வேண்டிய வேலைகூட இல்லை. வயிற்றுக்குள் போனதும் சர்க்கரையாகிவிடுகிறது. அதே கேப்பையில் முருங்கைக்கீரை போட்டு இரண்டு அடை சுட்டுத் தின்றால் எனக்கு 170-ஐத் தாண்டுவதில்லை. இது என் உடம்பின் கணக்கு. உங்களுக்குக் கூழ் ஒத்துக்கொள்ளலாம். அதை மீட்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு மாமா அல்ல. கருப்பட்டிக் காப்பி விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: கருப்பட்டியும் சர்க்கரைதான்.

என்னை நன்றாக ஏமாற்றியது விருதுநகர் பொரிச்ச பரோட்டா. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மூன்று சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து 168. அடடா, பரோட்டா நல்ல பிள்ளை என்று மனைவியிடம் பெருமை பேசினேன். என்னவோ சந்தேகம். நான்கு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தேன், 236. எண்ணெய் வயிற்றைச் சீக்கிரம் காலியாக விடாது. அதனால் சர்க்கரை தாமதமாக ஏறி, தாமதமாக இறங்குகிறது. எண்ணெயில் ஊறிய எதைத் தின்றாலும் இரண்டு மணி நேர நம்பரை மட்டும் நம்பாதீர்கள்.

இன்னொரு புதிர் காலை நம்பர். இரவு பத்தரைக்கு 112, காலை ஆறு மணிக்கு 139. ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை. இராத்தோசைக்கு என்ன எண்ணெய் ஊற்றினாய் என்று மனைவியோடு சண்டைகூடப் போட்டேன். டாக்டர் சொன்னபடி ஒருநாள் அலாரம் வைத்து மூன்று மணிக்கு எழுந்து பார்த்தேன். 108. ஆக, ஏறியது விடியலுக்கு முன்னால்தான். விடியும் நேரத்தில் கார்ட்டிசால் மாதிரி ஹார்மோன்கள் சுரந்து, உடம்பை எழுப்பிவிடக் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே விடுகின்றன. சுகர் இல்லாதவர்களுக்கு இன்சுலின் அதைச் சமாளித்துவிடும், நமக்கு முடிவதில்லை. மூன்று மணிக்குப் பார்த்தபோது 70-க்குக் கீழே இருந்திருந்தால் கதையே வேறு, அப்போது மாத்திரையைத்தான் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார். மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். தோசை இப்போதும் அதே எண்ணெயில்தான்.

இனி கையைப் பற்றி. எங்கள் ஊர்ப் பக்கம் சப்பட்டை மாம்பழம் பேர் போனது. வைகாசியில் ஒருநாள் பேரனுக்குப் பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, ஞாபகம் வந்தவனாக மிஷினை எடுத்தேன். 312. நான் பழத்தைத் தொட்டதோடு சரி, வாயில் வைக்கவில்லை. மனைவி நம்பவில்லை; மாங்கொட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, வேறு விரலில் பார்த்தேன். 143. மிஷினில் செருகும் ஸ்ட்ரிப் உறிஞ்சுகிற ரத்தம் ஒரு மைக்ரோலிட்டர்கூட இருக்காது. அவ்வளவு சின்னச் சொட்டில் விரலில் காய்ந்திருக்கும் பழச்சாறு கலந்தால் நம்பர் எங்கேயோ போய்விடும். துடைத்தால் போதாது, ஸ்பிரிட் பஞ்சும் இதற்குச் சரியாகாது, சோப்பும் தண்ணீரும்தான். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து நம்பர் குறையும், அதனால் உலர்த்துவதும் முக்கியம். வெளியூரில் தண்ணீர் இல்லையென்றால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டில் பார்க்கிறேன்.

ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன கை எனக்கு. விரலில் குத்தும் ஊசிப் பேனாவில் ஆழம் 4 வைத்தால்தான் ரத்தம் எட்டிப் பார்க்கும். அம்மாவுக்கும் சுகர் உண்டு, அவளுக்கு 1 போதும். ஆரம்பத்தில் விரல் நுனியின் நடுவில் குத்திக்கொண்டிருந்தேன். அங்கேதான் நரம்பு அதிகம், வலியும் அதிகம். ஓரத்தில் குத்தினால் எறும்பு கடித்த மாதிரி தான். ரத்தம் வரவில்லையென்று நுனியைப் பிழிவது தப்பு. சதையிலுள்ள நீரும் சேர்ந்து வந்துவிடும். கையைத் தொங்கவிட்டு இரண்டு உதறு உதறி, உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி நீவிவிட்டால் தானாகச் சொட்டும்.

நானும் அம்மாவும் முதலில் ஒரே பேனாவைத்தான் வைத்திருந்தோம், ஊசியை மட்டும் மாற்றிக்கொள்வோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவுக்கு மாத்திரை கொண்டுவரும் தங்கச்சி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஊசியை மாத்தினாலும் பேனா முனையில ரத்தம் ஒட்டியிருக்கும். மஞ்சக்காமாலை கிருமி அதிலேயே தொத்தும்" என்றது. அன்றைக்கே அம்மாவுக்குத் தனிப் பேனா வாங்கினேன்.

ஸ்ட்ரிப்புக்கு எமன் ஈரக்காற்று. ஒரு ஐப்பசி மழையில் நம்பரெல்லாம் கோணல்மாணலாக வந்தது. ஒரே விரலில் ஐந்து நிமிட இடைவெளியில் 119-ம் 171-ம். காரணம் தேடினால், ஸ்ட்ரிப் டப்பா மூடியைப் பேரன் பம்பரத்துக்குப் பதிலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறான். அந்த டப்பாவுக்கு உள்ளேயே ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. மூடி சரியாகப் போட்டிருந்தால்தான் அதற்கு மரியாதை. ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூட வேண்டும், ஜன்னலோரமும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம். டப்பாவைத் திறந்த தேதியை மார்க்கரால் மேலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அட்டையில் இருக்கும் காலாவதித் தேதி திறக்காத டப்பாவுக்கு. திறந்தபின் எத்தனை மாதம் தாங்கும் என்பதை உள்ளே இருக்கும் தாளில் போட்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்க கன்ட்ரோல் சொல்யூஷன் என்று ஒரு திரவம் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் முழிப்பார்கள், சொல்லிவைத்து வாங்க வேண்டும்.

லேபில் 131, அதே நேரத்தில் மீட்டரில் 148 என்றால் எதை நம்புவது? நண்பர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. மில்லில் எந்த மீட்டருக்கும் பிளஸ் மைனஸ் இவ்வளவு என்று உண்டு. இதற்கும் உண்டு. ஐ.எஸ்.ஓ. 15197 என்ற தரவிதியின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, நூறு ரீடிங்கில் குறைந்தது 95 ரீடிங் லேப் அளவுக்கு 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளிக்குள். 131-க்கு அப்படிப் பார்த்தால் 111-லிருந்து 151 வரை எது வந்தாலும் மிஷின் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆகவே 138 போய் 144 வந்துவிட்டதே என்று கவலைப்படுவது வீண் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் வெறும் வயிற்றில் பாருங்கள். சாப்பிட்ட பிறகு விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை, கைமடிப்பில் எடுக்கும் ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். ரத்தசோகை இருப்பவர்களுக்கு மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் என் நாக்கின் பிரச்சினை. மீட்டர் உயிர் சம்பந்தப்பட்ட சாமான் என்று புரியவைத்தது அம்மா.

அம்மாவுக்கு 79 வயது. சுகர் அவளுக்குப் புதிதல்ல. எண்பதுகளில் அப்பாவுக்கு வந்தபோது வீட்டில் ரத்தம் பார்க்க வழியில்லை, சிறுநீர்தான். ஒரு டெஸ்ட் டியூபில் 5 மில்லி பெனடிக்ட் கரைசல், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவிடுவாள். அப்படியே நீலமாக நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறத்தில் முடியும். நீலம் வந்த அன்று அப்பாவுக்கு ராஜ மரியாதை. செங்கல் நிறம் வந்தால் வீடே மௌனம். படிக்காதவள், நிறத்தை வைத்தே வைத்தியம் பார்த்தவள்.

ஆடி அமாவாசை அன்று அப்பாவுக்குப் படையல் போடும்வரை அம்மா பச்சைத் தண்ணீர்தான். காலையில் மாத்திரையை மட்டும் பழக்கதோஷத்தில் போட்டுவிட்டாள். அது கிளிமிப்பிரைடு கலந்த மாத்திரை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. மத்தியானம் இரண்டு கவளம், இரவு ஒரு வாழைப்பழம், மறுபடி மாத்திரை. இரண்டேகால் மணிக்கு மனைவி என்னை உலுக்கி எழுப்பினாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள், சேலை பிழிகிற மாதிரி வியர்வை. என்னைப் பார்த்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "ஆபீஸுக்கு நேரமாகலையா" என்கிறாள். கை வெடவெடவென்று ஆடுகிறது. பக்கவாதமோ என்று 108-க்குப் போனை எடுத்துவிட்டேன். மனைவிதான் மிஷினை நீட்டினாள்.

46.

70-க்குக் கீழே போனாலே லோ சுகர். 54-க்குக் கீழே ஆபத்து. ஒரு மேசைக்கரண்டி நிறையச் சர்க்கரை, சுமார் 15 கிராம், அரைத் தம்ளர் தண்ணீரில் கரைத்தேன். "ஏங்க, சுகர்காரங்களுக்குச் சர்க்கரையா?" என்று மனைவி கையைப் பிடித்தாள். அந்த நிமிடத்தில் மருந்தே அதுதான். நினைவு இருந்ததால், விழுங்க முடிந்ததால் கொடுத்தேன். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். அப்போது 108 மட்டும்தான். பாலோ சாக்லேட்டோ வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கிவிடும். கால் மணி நேரம் கழித்து 61. இன்னொரு தம்ளர். மறுபடி கால் மணி நேரம், 89. அம்மா என்னைப் பார்த்து, "ஏண்டா, எல்லாரும் தூங்காம என்ன பண்றீங்க?" என்றாள். அப்புறம்தான் பாலும் ரஸ்க்கும் கொடுத்தோம். அந்த மாத்திரையின் வேகம் ஒரே டம்ளரில் அடங்காது, திரும்பவும் இறக்கும். அதனால் விடியும்வரை மணிக்கொரு தடவை பார்த்தேன். டாக்டர் இரவு மாத்திரையை நிறுத்தி, விரத நாளில் எதைப் போடலாம் எதைப் போடக் கூடாது என்று தாளில் தனியாக எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் சாமி காலண்டரில் குத்தியிருக்கிறது. மிஷின் பக்கத்தில் இல்லாமல் இப்படி வியர்த்து நடுங்கினால், நம்பருக்காகக் காத்திருக்காமல் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சினன் ஒரு மிஷின் கொண்டுவந்து அம்மாவுக்குப் பார்த்தான். 8.4 என்று காட்டியது. லோ சுகர் அனுபவத்தில் இருந்த வீடு அலறிவிட்டது. எனக்குப் பழைய ரிப்போர்ட்டின் 8.4 வேறு கண்ணில் ஆடியது. அங்கே அளவு மில்லிமோலில். நம்ம ஊர் மில்லிகிராம் கணக்குக்கு 18-ஆல் பெருக்க வேண்டும், 151. அதற்கு ஸ்ட்ரிப்பும் இங்கே கிடைக்கவில்லை. மிஷின் வாங்குவதற்கு முன் நம் தெரு மெடிக்கலில் அதன் ஸ்ட்ரிப் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மிஷின் ஒரு தடவை செலவு, ஸ்ட்ரிப்தான் மாதாமாதம் பையைக் கடிப்பது. மாத்திரையில் மட்டும் இருக்கும் எனக்குத் தினமும் குத்த வேண்டியதில்லை. வாரம் இரண்டு ஜோடி, ஒரு காலை நம்பர். 50 ஸ்ட்ரிப் பத்து வாரம் வருகிறது. இன்சுலின் போடுகிறவர்கள் இந்தச் சிக்கனத்தைப் பின்பற்றக் கூடாது. குத்திய ஊசிகளைக் கெட்டியான பினாயில் பாட்டிலில் போட்டு, நிறைந்ததும் மூடியில் டேப் சுற்றி, ஊசி என்று எழுதித் தனியாகக் கொடுக்கிறேன். குப்பை பிரிக்கும் பெண்ணின் கையில் என் ஊசி ஏறக் கூடாது.

கடைசி ஹெச்பிஏ1சி 7.1. கணக்குப் போட்டால் 157. நோட்டின் சராசரியும் இப்போது ஏறக்குறைய அதேதான். 64 புள்ளி இடைவெளி அடைபட்டுவிட்டது. லேபுக்கு முந்தின நாள் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.

அம்மாவுக்குக் காலையில் நான்தான் குத்துகிறேன். நம்பரைச் சொன்னால் அவளுக்கு ஒன்றும் விளங்காது. "அது நீலமா, பச்சையா?" என்று கேட்பாள். பெனடிக்ட்டில் ரத்தச் சர்க்கரை 180 வாக்கில் தாண்டினால்தான் நிறம் மாறும், அதற்குக் கீழே எல்லாமே நீலம். அந்த அமாவாசை ராத்திரியில் பார்த்திருந்தால் 46-ம் அழகான நீலமாகத்தான் இருந்திருக்கும். இதை அவளிடம் ஒருநாள் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கப்பாவுக்கும் சில நாள் ராத்திரி அப்படி வேர்க்கும்டா. நீலம்தானேன்னு நான் விட்டுட்டேன்" என்றாள்.

இன்று காலை 118. "நீலம்மா" என்றேன். "நம்பரைச் சொல்லு" என்றாள்.